உப்புத்தண்ணி வைத்தியன்

முதலில் நினைவுக்கு வருவது ஒரு கைபேசி வெளிச்சம். ஊர்காவற்றுறையில் அக்கா வீட்டு விறாந்தைக் கதிரையில் பக்கத்து வளவுச் சம்மாட்டியார் வாயைத் திறந்தபடி இருக்க, மருத்துவ பீடத்தில் கடைசி வருடம் படித்த அக்காவின் மகன் கைபேசியைப் பிடித்து உள்ளே பார்த்தான். நான் அன்று அங்கே இல்லை; அக்கா பெருமையாகப் பலதரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கீழ்ப் பல்லடி முரசில் ஆறாத புண். "இது பல்லுப் பிரச்சினை. உப்புத்தண்ணியிலை கொப்பளியுங்கோ" என்றானாம். படகுகள் வைத்து ஊரையே அதட்டும் மனிதர், மாதக்கணக்காகக் கொப்பளித்தார்.

நான் வாய், முக, தாடை அறுவைச் சிகிச்சை நிபுணர். என் மடியில் வளர்ந்தவன், சின்னம்மா என்ன வேலை செய்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவனை மட்டும் சொல்லி என்ன, அவனோடு படிக்கிற கூட்டமே அப்படித்தான். ஆஸ்பத்திரியில் எங்கள் நோயாளர் விடுதி வாசற் பலகையில் பிரிவின் பெயர் மூன்று மொழிகளில் இருக்கிறது. மூன்றும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள். இங்கே என்ன செய்கிறோம் என்று கேட்டால் ஒருத்தி "ஞானப்பல் எடுக்கிறது" என்பாள். இன்னொருவன் "பல்லுக் கட்டுறது" என்று முடித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பான். முகத்து நரம்பெல்லாம் கிளை கிளையாக மனப்பாடம். அந்த முகத்தைத் திறந்து வேலை செய்வது யார் என்பது மட்டும் தெரியாது. கெட்டிக்காரர் என்று இவர்களுக்குப் பரிசு வேறு.

மனைவி பிடிவாதமாக இழுத்துக்கொண்டு வந்ததால்தான் சம்மாட்டியார் என்னிடம் வந்து சேர்ந்தார். அதற்குள் புற்றுநோய் எலும்புக்குள் இறங்கிவிட்டது. கீழ்த்தாடையில் பாதியை வெட்டி எடுத்து, காலெலும்பில் ஒரு துண்டால் திரும்பக் கட்டினோம். சத்திரசிகிச்சையைப் பார்க்க வந்து நின்ற அக்காவின் மகன், "சின்னம்மா, இதுவும் நீங்களோ செய்யிறது?" என்று வாயைப் பிளந்தான். உப்புத்தண்ணி பற்றி ஒரு மூச்சும் இல்லை. வந்த ஆத்திரத்துக்குக் கையுறையோடேயே அறைந்திருப்பேன்.

இப்போது அவனும் டொக்டர். போன நத்தார்ப் பண்டிகைக்கு அக்கா வீட்டில் கூடியிருந்தபோது சம்மாட்டியார் ஒரு பெரிய பாரை மீனோடு வந்தார். கோணிய வாயால் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, மனுசிக்கு ஒரு சூத்தைப் பல்லு. நீர் ஒருக்காப் பிடுங்கிவிடுவீரோ?"

"ஓம், கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

பிறகு மீனை அக்காவின் மகனிடம் நீட்டினார்.

"தம்பி, நீர்தான் முதன்முதல் பாத்து வைத்தியம் சொன்னனீர். நீர் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை."

அவன் எழுந்து, இரண்டு கையாலும் மீனை வாங்கிக்கொண்டான்.