ஏழு பெயர்களும் ஒரு மைக்கும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவொற்றியூரில் ஒரு நூலகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு – எழுத்தும் புரட்சியும். கூட்டம்? என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். அதிலும் இரண்டு பேர் மைக் செட்காரர்கள்!

கடைசி வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே, காலிக் கூடையோடு தேசம்மாக்கா. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவர். வெயிலுக்கு ஒதுங்கியவர், 'அட, நம்ம சங்கரா கிராக்கி' என்று உட்கார்ந்துவிட்டார். வாராவாரம் சங்கரா மீன் வாங்குகிறவன்... எனக்கு அந்த ஏரியாவில் அதுதான் அடையாளம்.

கடல் தாண்டிப் பிழைக்கப் போன ஓர் அரசியல் எழுத்தாளரைப் பற்றிப் பேசினேன். பெயர் எதற்கு... பெயர் சொன்னால் பரீட்சைக் கேள்வி மாதிரி ஆகிவிடும். 'ராஜா நல்லவர்தான், மந்திரிகள்தான் மோசம்' என்று மனு எழுதிக்கொண்டிருந்த ஜனங்களிடம் அவர் ஒரு சின்ன நூலை நீட்டினார். ராஜாவே எதற்கு என்று அதில் கேட்டிருந்தார். அந்தக் கேள்வி ஊர் ஊராகப் போனது. கொஞ்ச நாளில் அந்த நாட்டில் ராஜா இல்லை.

"சார், ஒரு டவுட்டு" என்றார் தேசம்மாக்கா. "படிக்கத் தெரியாதவன் இன்னா பண்ணான்?"

"ஒருத்தர் சாராயக்கடையில் நின்று சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள்."

"அப்ப எனுக்கும் ஒண்ணு எய்திக் குடு."

விஷயம் இதுதான். அவருடைய குப்பம் எர்ணாவூர்ப் பக்கம். அங்கே புதிதாக மீன் மார்க்கெட் கட்டி முடித்திருக்கிறார்கள். யார் யாருக்குக் கடை என்று ஊர்க்கூட்டம்தான் பட்டியல் கொடுக்க வேண்டும். ஊர் வழக்கப்படி குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு என்றால் ஆம்பளை. புருஷன் போய்விட்டால் அந்த வீடே கணக்கில் வராது. அப்படி விட்டுப்போனவர்கள் தேசம்மாக்காவோடு ஏழு பேர். ஏழு பேருமே மீன் விற்கிறவர்கள்! கடை கிடைக்காவிட்டால் பழைய இடத்திலும் உட்கார முடியாது.

"ஊர்த் தலைவரிடம் கேட்டீர்களா?" என்றேன்.

"நாலு வாட்டி. 'தலைக்கட்டு எல்லாம் சேரட்டும், பேசலாம்'ன்றாரு. எங்க சேர்றது? பாதிப் பேரு எப்பவும் கடல்ல கீறான். வெள்ளிக்கியம பட்டியல் பூடும் சார். செத்தது புருஷன்தான? வூடுமா செத்துச்சி?"

எழுதினேன். ஒரு பக்க நோட்டீஸ். சமத்துவம், சரித்திரம், உரிமைக்குரல்... எல்லாச் சாமான்களையும் போட்டேன். நடுவில் தேசம்மாக்காவின் அந்தக் கேள்வியையும் சேர்த்தேன். ரொம்பத் திருப்தி எனக்கு.

அங்கே சாராயக்கடைக்குப் பதிலாக மைக் இருக்கிறது. காற்று, மழை, புயல் என்றால் கோயில் மைக்கில் கன்னியப்பன் படிப்பார். புதன்கிழமை சாயந்திரம் தேசம்மாக்கா நோட்டீஸை அவர் கையில் கொடுத்திருக்கிறார். பல வருஷப் பழக்கம்... மனுஷர் வழக்கம்போல ஆரம்பித்திருக்கிறார்: "மீனவ மக்களின் கவனத்துக்கு..."

அவ்வளவுதான். அந்தக் குரலும் அந்த இழுவையும் வந்தால் அந்த ஊரில் மீதியை யாரும் கேட்பதில்லை. படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டார்கள். சமத்துவம், சரித்திரம் எல்லாம் காற்றோடு போச்சு!

மறுநாள் காலை கடல் குளம் மாதிரி கிடந்தது. பக்கத்துக் குப்பத்துப் படகெல்லாம் போய்விட்டது. ஊர் ஆம்பளைகள் மொத்தமும் கோயில் வாசலில்.

"இன்னா கன்னியப்பா, புயலு எங்க?"

"புயலுன்னு நான் எப்ப சொன்னேன்? நோட்டீஸ்ல கீறத்த படிச்சேன்!"

பேஜாராகிவிட்டது. ஒரு நாள் தொழில் போன கோபம் வேறு. அடிதடி ஆகாத குறை. அப்போதுதான் தேசம்மாக்கா உள்ளே போய், ஆம்பளைகள் மட்டும் உட்காரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார். பின்னாலேயே மற்ற ஆறு பேர்.

"தலைக்கட்டு சேரட்டும்னீங்களே... சேர்ந்துட்சி. பேசுங்க."

தலைவர் வழக்கத்தைச் சொன்னார். தேசம்மாக்கா பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "செத்தது புருஷன்தான? வூடுமா செத்துச்சி?" என்று கேட்டிருக்கிறார். தலைவர் மறுபடி வழக்கம் என்று இழுத்ததும், "சரி, நாளிக்கு கரையில ஒருத்தியும் கூடைய தூக்க மாட்டோம். நீங்க புடிக்கிறத நீங்களே வித்துக்குங்க" என்றார். வாசலில் நின்ற மற்ற பெண்களும் ஆமாம் என்று கத்தினார்கள். தலைவரின் பெண்சாதியும் அதில் உண்டு!

வெள்ளிக்கிழமை போன பட்டியலில் ஏழு பேரும் இருந்தார்கள். கூட்டத்திலும் இனி அவர்களுக்கு இடம் உண்டாம்.

இப்போது சொல்லுங்கள், இந்தப் புரட்சியை யார் செய்தது? என் எழுத்தா? கன்னியப்பன் வாய்ப்பழக்கமா? சனிக்கிழமை மீனோடு வந்த தேசம்மாக்காவிடமே ஜம்பமாகக் கேட்டேன்: "நான் எழுதியதில் எந்த வரி பிடித்தது?"

"அதான் சார்... புருஷன் செத்தா வூடுமா செத்துச்சின்னு. இன்னாமா எய்தினே சார்!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பாராட்டைத் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். அவர் தெரு முனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. அந்தப் பெரிய எழுத்தாளரும் தன் கேள்வியை எந்தச் சாராயக்கடையில், யார் வாயிலிருந்து வாங்கினாரோ? அந்த ஆளின் பெயர் எந்தச் சரித்திரத்திலாவது இருக்கிறதா?

ஆகவே வாசகர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: அந்த வரி எர்ணாவூர் தேசம்மாவுடையது. பெயர் விட்டுப்போனால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்!