பொடி மட்டையும் பொருத்தனையும்

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில் பூந்தமல்லிச் சபை ஒன்றில் நான் பைபிள் ஸ்திரீயாக இருந்தேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டி, எழுத்தும் சொல்லிக்கொடுப்பது வேலை. வானகரம் வரைக்கும் நடைதான். கையில் துணிப்பை, பைக்குள் வேதபுத்தகம், புத்தகத்துக்கு அடியில் பொடி மட்டை.

ஆமாம், மூக்குப்பொடி. இருபது வயதில் பல்வலிக்கென்று தொடங்கியது, நாற்பது தாண்டியும் விடவில்லை. உபதேசம் செய்கிற வாய்க்கு நேர் மேலே அந்த மூக்கு. சங்கீதப் பக்கங்களில் என் விரல் பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை.

வானகரத்தில் என்னிடம் எழுத்துப் படித்த ஒரு பெண்ணின் புருஷன் செங்கல் வண்டி ஓட்டுகிறவர். சபையில் சேர்ந்து ஒரு வருஷமாகியும் கள்ளை விடவில்லை. போகும்போதெல்லாம் அவருக்குப் புத்தி சொல்வேன். ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என் மூக்கை உற்றுப் பார்த்தார்.

"நீ பொடிய வுடு, நான் கள்ள வுடுறேன். இன்னாம்மா சொல்றே?"

எனக்குச் சுருக்கென்றது. வீம்புக்கு, வருகிற ஞாயிறே இரண்டு பேரும் சபைக்கு முன்னால், விட்டுவிடுகிறோம் என்று கர்த்தருக்கு வாக்குக் கொடுத்துப் பொருத்தனை பண்ணுவோம் என்றேன். பண்ணினோம். பாதிரி ஐயர் ஜெபித்தார், சபையார் ஆமென் சொன்னார்கள், அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பதினொரு நாள் தாக்குப்பிடித்தேன். மண்டை இடித்தது, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். பன்னிரண்டாம் நாள் கடைத்தெருவில், வழக்கமான கடைக்காரர் நான் கேட்காமலே மட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு வண்டிக்காரர் வீட்டுக்குப் போகுமுன் வழியிலிருந்த குட்டையில் மூக்கைக் கழுவிக்கொள்வேன். வுட்டாச்சு இல்ல என்று அவர் கேட்பார். நான் தலையை ஆட்டுவேன்.

அவரோ நிஜமாகவே விட்டுவிட்டார். பொழுது சாய்ந்தால் நேராக வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி சத்தமாகச் சிரித்து அப்போதுதான் கேட்டேன். எனக்குப் பயம் பிடித்தது. என் பொய் வெளிப்பட்டால் அவர் மறுபடி கள்ளுக்கடைக்குப் போய்விடுவார், அந்தப் பெண்ணின் சிரிப்பும் போய்விடும்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அவர் எழுந்து, வேதக்காரம்மாவும் விட்டார், நானும் விட்டேன் என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. நான் விடவே இல்லை, இத்தனை நாளும் பொய் சொன்னேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் வெளியே போய்விட்டார். அவர் மனைவி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கூட்டம் முடியும்வரை பொறுக்காமல் வெளியே ஓடினேன். வேப்பமரத்தடியில் வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். கும்பிட்டுக் கேட்கிறேன், என்னால் நீங்கள் குடிக்கப் போய்விடாதீர்கள் என்றேன்.

"நீ பொடி போட்டதுக்கு நான் இன்னாத்துக்குக் குடிக்கணும்? உன்ன நம்பியாம்மா நான் வுட்டேன்? தெனம் அந்தக் கள்ளுக்கடையத் தாண்டுறப்ப, ஏசப்பா, என்னால ஆவாது, கையப் புடிச்சுக்கோன்னு சொல்லிக்கினே போறேன். நீ யார நம்பி வுட்டே?"

சபையாரின் கண்ணை நம்பியிருந்தேன், என் வீம்பை நம்பியிருந்தேன். வீடு வீடாகப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை எனக்கென்று ஒருநாளும் செய்ததில்லை. வெட்கத்தில் அழுதேன்.

மறுநாளும் அந்தக் கடைத்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைக்காரர் மட்டையை நீட்டினார். ஏசப்பா, என்னால ஆவாது என்று வண்டிக்காரரின் வார்த்தையையே முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். அன்று வாங்கவில்லை.

ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். அதற்குப் பிறகு இரண்டு முறை விழுந்தேன். அந்த இரண்டு முறையும் குட்டைப் பக்கம் திரும்பாமல், மூக்கைக் கழுவாமலே அவர் வீட்டுக்குப் போனேன்.