ஒட்டகம் சாகும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது

என் அக்கா வீட்டுக்காரருக்கு டிப்போவில் 'வரிசை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் இருக்கிறது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பஸ் டிப்போவில் நேரம் பார்க்கும் வேலை. எந்த பஸ் முன்னால் போக வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து விசில் ஊதி முடிவு செய்வார். அவர் போட்ட வரிசையில் பஸ்கள் ஒரு நாளாவது வந்திருக்கின்றனவா என்றால், இல்லை. வெகு நேரம் ஒன்றுமே வராது. பிறகு ஒரே தடத்தில் மூன்று பஸ் ஒன்றன் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். நிறுத்தத்தில் காத்துக் கிடப்பவர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. ரோட்டில் செல்லுபடியாகாத அந்த அதிகாரத்தையெல்லாம் மனிதர் வீட்டு டிவியிடம் காட்டினார்.

'மணல்கப்பல்' என்று ஒரு கார்ட்டூன். மணலுக்கு அடியில் ஓடும் கப்பல். கிழட்டு ஒட்டகம் ஒன்று அதற்கு கேப்டன், வாத்து ஒன்று எஞ்சின் பார்க்கும், இன்னும் நாலைந்து உருப்படிகள். டிவியில் அது அத்தானின் சின்ன வயதிலிருந்து ஓடுகிறது. அது போதாதென்று நடுநடுவே தியேட்டருக்கென்று தனிப் படங்களும் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். சாதாரண ஜனங்கள் கைக்குக் கிடைத்ததைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், எழுந்து போவார்கள். அத்தான் அந்த ரகம் இல்லை. தொடரில் எந்த இடத்தில் எந்தப் படத்தைச் செருகிப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் ஒரு சட்டமே இருந்தது.

மூன்றாவது படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரில் ஒரு எபிசோடில் வாத்து கேப்டன் அறைக் கதவைத் திறக்கும். அந்த இடத்தில் டிவியை நிறுத்த வேண்டும். மூன்றாவது படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி எழுத்து ஓடும் வரை பார்க்க வேண்டும். அதன் பிறகு எபிசோடுக்குத் திரும்பி வந்து வாத்து கதவைச் சாத்துவதைப் பார்க்க வேண்டும். படத்தின் கதை முழுவதும் அந்தக் கதவு திறந்து மூடுவதற்குள் நடந்து முடிகிறதாம். இதை அத்தான் விளக்கத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் தலையாட்டும் வரை விடமாட்டார். டிப்போ கேண்டீனில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து மேசை தானாகக் காலியாகும்.

மூன்றாவது படத்தில் அந்த ஒட்டகம் செத்துப்போகும். இது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியும். அத்தானுக்கும் தெரியும், அதுதான் அவருடைய வயிற்றெரிச்சல். சின்னப் பையனாக டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றபோது, பெரியப்பா மகன் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, "கேப்டன் செத்துருவாருடா" என்று சொல்லிவிட்டான். அத்தான் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு மணல்கப்பல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. பெரியப்பா மகனோடு இன்றைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் தன் கல்யாணத்துக்கு வந்து அழைத்தும் அத்தான் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு, சொத்துத் தகராறு என்று சொல்லி வைத்தார்கள். ஒட்டகத் தகராறு என்று வெளியே சொல்ல முடியுமா?

மகள் பிறந்ததும் மனிதருக்கு மறுபடி உயிர் வந்தது. எதை எங்கே செருகுவது என்று ரசிகர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்துத்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார். "என்னைத்தான் கெடுத்துட்டானுங்க மச்சான். எம் பொண்ணுக்கு யாரும் சொல்லாம, முதல்லேர்ந்து வரிசையா நான் காட்டுவேன். கேப்டன் சாகற எடத்துல அவ மூஞ்சிய நான் பாக்கணும். எனக்கு அது போதும்" என்றார். வாழ்க்கையில் அவர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. பதவி உயர்வு வந்தபோதுகூட, ஞாயிற்றுக்கிழமை டூட்டி உண்டு என்றதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

குழந்தைக்கு விவரம் தெரிந்ததும் ஞாயிறு மதியங்களில் தொடர் ஆரம்பமானது. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடுதான். அவசரப்பட்டால் சுவை போய்விடும் என்பது இன்னொரு சட்டம். கூடவே காவலும் ஆரம்பமானது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பெண்ணைக் காத்தார். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் கேக்கின் மேல், சொர்க்கத்துக்குப் பறப்பதுபோல இறக்கை முளைத்த ஒட்டகம் நின்றது. அவ்வளவுதான், மகளின் கண்ணைப் பொத்தி, பல்வலி என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். சாப்பிட வந்த நான் பேச்சுவாக்கில், "அந்த ஒட்டகம் இருக்குதே" என்று ஆரம்பித்தேன். என் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் பால்கனியில் வைத்தார். அன்றைக்கு நான் துணி காயும் கொடிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அக்கா கதவிடுக்கு வழியாகக் குழம்பு ஊற்றினாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூத்து உண்டு. மகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் வாயாடிப் பையன் ஒருவன் வந்தான். அவன் சட்டையில் ஒட்டகத்தின் படம், அதன் தலைக்கு மேல், செத்துச் சொர்க்கம் போனவர்களுக்குப் போடுகிற வெள்ளை வளையம். அத்தானுக்கு வேர்த்துவிட்டது. மறுநாளே அந்தத் தடத்தில் பஸ்களின் முன்பின்னை மாற்றி, மகள் ஏறும் நேரத்துக்கு வேறொரு பஸ் வருவதுபோலச் செய்தார். அந்தத் தடத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் அந்த மாதம் முழுக்கத் தாமதமாகப் போய் ஏச்சு வாங்கினார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் அக்காவும் அதில் ஒருத்தி. "நிர்வாகக் காரணம்" என்று அத்தான் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பதில் சொன்னார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. பாவாடை தடுக்கிக்கொண்டிருந்த பெண் என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதுதான் என் தொழில். பின்பக்க மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் குளியலறை வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, நாளைக்கு ஒட்டகம் சாகுது" என்றாள்.

என் கையிலிருந்து ஸ்க்ரூ நழுவி மெஷினுக்குள் விழுந்தது. கூடத்தில் அத்தான் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு யாரு சொன்னா?" என்று கிசுகிசுத்தேன்.

"அப்பா மாத்தி விட்டாரே, அந்த பஸ்ல டிவி இருந்துச்சு. பசங்க கத்தினா டிரைவர் அண்ணனுக்கு ஆகாது. அந்த ஒரு படத்தத்தான் தெனமும் போடுவாரு."

அவள் ஏறும்போது கேப்டன் செத்துக்கொண்டிருப்பாராம். பள்ளிக்கூடம் வருவதற்குள் புதைத்துவிடுவார்களாம். சாயங்காலம் திரும்பி வரும்போதுதான் அவருக்கு உடம்பு முடியாமல் போகும். என்றைக்காவது பஸ் தாமதமானால் கப்பல் கிளம்புவதையும் பார்க்கலாம். அத்தான் பார்க்கிற தடமாயிற்றே, தாமதத்துக்கா பஞ்சம்? இப்படித் துண்டு துண்டாக, வாலிலிருந்து தலைக்கு, ஒரு வருஷம் முழுக்கப் பார்த்திருக்கிறாள். வசனமெல்லாம் மனப்பாடம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பாகிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "சொன்னா ஞாயித்துக்கெழம அவரு என்ன மாமா பண்ணுவாரு? டிப்போலேர்ந்து வந்து யாருகூடப் பேசறாருன்னு சொல்லுங்க. எங்கூட மட்டும்தான். அதுவும் இதப் பத்தி மட்டும்தான்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் பாட்டுக்கு எழுந்து நின்று, "நாளைக்கு நான் கையால வாயப் பொத்திக்கவா, இல்ல 'ஐயோ'ன்னு எழுந்து நிக்கவா?" என்று கேட்டு இரண்டையும் செய்து காட்டினாள். வாயைப் பொத்துவதே நம்பும்படியாக இருக்கிறது என்றேன். எழுந்து நிற்பது கொஞ்சம் ஓவர்.

மறுநாள் மதியம் எங்கள் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். செல்போன்களை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அழைப்பு மணியின் ஒயரைக்கூடப் பிடுங்கிவிட்டார். மகளை சோபாவின் நடுவில் உட்கார்த்தி, தனக்கு ஒரு நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். டிவியைப் பார்த்து அல்ல, மகளைப் பார்த்து. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் பார்க்க உட்கார்ந்த மனிதரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

எபிசோடு ஓடியது. வாத்து கதவைத் திறந்தது. அத்தான் நிறுத்திவிட்டுப் படத்தைப் போட்டார்.

படம் முக்கால்வாசி வரை ஒரே கும்மாளம்தான். ஒரு இடத்தில் ஒட்டகம் தன் தொப்பியைக் கழற்றி வாத்திடம் கொடுத்து, "மணல் ஒட்டியிருக்கு, தட்டி வை, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்கிறது. வேறொன்றுமில்லை. முதல்முறை பார்க்கிறவனுக்கு அது சும்மா ஒரு தொப்பி. அந்தப் பெண்ணோ அதைத் திரும்ப வாங்க கேப்டன் வரப்போவதில்லை என்று ஒரு வருஷம் பஸ்ஸில் பார்த்தவள். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது.

அத்தான் பதறிப்போனார். "என்ன கண்ணு? எதுக்கு அழற? கேப்டன் இன்னும் சாகவே இல்லையே!"

சொல்லிவிட்டுத் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெரியப்பா மகனை ஜென்மப் பகையாக்கியவர், என்னைத் துணிக்கொடிக்கு அடியில் சாப்பிட வைத்தவர், ஊரில் பாதிப் பேரை வேலைக்குத் தாமதமாக அனுப்பியவர், கடைசியில் தன் வாயாலேயே போட்டு உடைத்தார். இத்தனை வருஷம் சாப்பாட்டு மேசையில் வாயை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்த நொடியில் கைதட்டத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்த பிறகு தோன்றவில்லை. ரத்தம் சுண்டிப்போயிருந்தது.

"நானே கெடுத்துட்டேனே" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்தப் பெண் பேசாமல் இருந்திருக்கலாம். குட்டு வெளிப்படாமல் தப்பித்திருக்கலாம். பழியைத்தான் அப்பாவே தலையில் போட்டுக்கொண்டுவிட்டாரே. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கெடுக்கலப்பா. எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள்.

"யாரு சொன்னா?" பழைய வேகம் வந்துவிட்டது. "அந்த சட்டைக்காரப் பையனா?"

"அவன்கூடப் போகக் கூடாதுன்னு வேற பஸ் விட்டீங்கல்ல. அந்த பஸ்ல அப்போ ஒரு வருஷமா தெனமும் இந்தப் படம்தான்."

மனிதர் மூக்கறுபட்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் வாத்து தொப்பியிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தது. "அப்போ எதுக்கு இத்தன வருஷம் எங்கூட உக்காந்த?" என்று கேட்டார்.

"நீங்க உக்காந்தீங்கல்ல, அதான்" என்றாள் மகள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வயசு அப்படி. "ஆனா நீங்க ஒரு நாளாவது படத்தப் பாத்தீங்களாப்பா? எம் மூஞ்சியத்தானே பாக்கறீங்க. கேப்டன் எப்படிச் சாவாருன்னு எனக்குத் தெரியும், இவங்க எல்லாருக்கும் தெரியும். உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது."

உண்மைதான். டிக்கெட் வாங்கிவிட்டுத் திரும்பி வந்தவர்தானே. செத்துப்போகும் என்ற சேதியைக் கட்டிக்கொண்டு இவ்வளவு காலம் அழுதாரே தவிர, அந்தச் சாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

அவள் எழுந்து போய் அவரை எழுப்பி, நாற்காலியை டிவிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார வைத்தாள். ரிமோட்டையும் வாங்கிக்கொண்டாள்.

ஒட்டகம் செத்தது. அது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பழி எனக்கு வேண்டாம். அத்தான் வாயைப் பொத்தவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை. டிப்போவில் விசில் ஊதும் மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மகள் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி எழுத்தும் ஓடி முடிந்தது. சட்டப்படி இனி எபிசோடுக்குத் திரும்ப வேண்டும். அவரால் முடியவில்லை, அவள்தான் பொத்தானை அமுக்கினாள். வாத்து காலி அறையை ஒரு முறை பார்த்துவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தியது.

"இனிமே அவரு இல்லாம எப்படிம்மா பாக்கறது?" என்று கேட்டுவிட்டு, முகம் கழுவ எழுந்து போனார்.

குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டதுமே அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "கடைசிப் படத்துல கேப்டன் திரும்பி வந்துருவாரு. இப்போ பஸ்ல அதான் ஓடுது. அப்பாவுக்குத் தெரியாது."

"அது வர எவ்ளோ நாளாகும்?" என்று அக்கா கேட்டாள்.

"வரிசைப்படி போனா நான் காலேஜ் முடிச்சிருப்பேன்." விரலை நீட்டி எங்கள் இருவரையும் எச்சரித்தாள், அச்சு அசல் அவள் அப்பாவைப் போலவே. "அது வரைக்கும் யாராவது வாயத் தொறந்தீங்க, பால்கனியிலதான் சாப்பாடு."

தண்ணீர் விழும் சத்தம் நின்றது. நாங்கள் மூவரும் டிவியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம்.