சாத்து, சத்தங்குடு, இழு

சந்திரவல்லிக்கு ரோஜாவைக் கண்டாலே ஆகாது. அந்தப் பெண் அப்படி என்ன செய்துவிட்டாள் என்று கேட்டால், நல்ல பேர் வாங்கினாள், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய குற்றம் வேறென்ன வேண்டும்?

இருவரும் போடியில், மலைக்குப் போகும் ஜீப்புகள் ஆள் ஏற்றும் தெருவுக்குப் பின்னால் ஒரு முதியோர் இல்லத்தில் ஆயாக்கள். சந்திரவல்லி மூத்தவள், ரோஜா நேற்று வந்தவள். ஆனாலும் மாதாமாதம் நடக்கும் தீ விபத்துப் பயிற்சிக்கு மேனேஜர் தங்கபாண்டி ரோஜாவைத்தான் பொறுப்பாகப் போட்டிருந்தார். "சாத்து, சத்தங்குடு, இழு" என்று அவள் விசிலும் கையுமாக நிற்பாள். புகை வரும் அறையின் கதவைச் சாத்த வேண்டும். எல்லாருக்கும் கேட்கும்படி கத்த வேண்டும். நடக்க முடியாதவர்களைப் படுக்கை விரிப்போடு தரையில் இறக்கி இழுத்துப்போக வேண்டும்.

சந்திரவல்லி எப்போதும் முதல் வேலையிலேயே கோட்டை விடுவாள். கதவைச் சாத்தாமல் உள்ளே ஓடிச் சன்னலைத் திறப்பாள். பாதி ஆயுசு மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கழிந்திருந்தது. அங்கே ஆவி கட்டினால் காய் நிறம் கெட்டுவிடும். சட்டென்று சன்னலைத் திறக்காவிட்டால் முதலாளியிடம் ஏச்சு. கை அப்படிப் பழகிவிட்டது, பாவம்.

"அக்கா, காத்து உள்ள போனா தீ கூடும்க்கா. இன்னொருக்கா பண்ணுங்க" என்பாள் ரோஜா, எல்லார் முன்னாலும்.

"எத்தனை தடவைடி? எங்களுக்கு வேற சோலி இல்லையா?"

மறுபடியும் செய்யத்தான் வைப்பாள். தங்கபாண்டி ரோஜாவைப் பார்த்து மெச்சித் தலையாட்டுவார். அன்றைக்குச் சந்திரவல்லிக்குச் சோறு இறங்காது. அந்தத் தலையாட்டல் ஒரே ஒரு தடவை தனக்குக் கிடைக்காதா என்று ஏங்கினாள். வாய்விட்டுச் சொல்வாளா? சமையல்கட்டில் இடுப்பில் கைவைத்து ரோஜாவைப் பழித்துக் காட்டி மற்ற ஆயாக்களைச் சிரிக்க வைப்பாள்.

ரோஜா லீவில் இருந்த ஒரு மத்தியானம், யாரோ அணைக்காமல் விட்ட இஸ்திரிப் பெட்டியால் துணி அறையில் தீப்பிடித்தது. அடுத்த அறையில் எழுந்து நடக்க முடியாத பெரியவர் வெள்ளைத்துரை. வராந்தாவில் சந்திரவல்லி மட்டும். புகையைக் கண்டதும் கால் சன்னலைப் பார்த்துத்தான் ஓடியது. ஆனால் அந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டது. கை கதவை இழுத்துச் சாத்தியது.

"தீ! துணி ரூமுல தீ!"

"என்னாத்தா சத்தம்?" என்றார் வெள்ளைத்துரை.

"ஒண்ணுமில்ல அப்பு, கீழ எறக்குறேன், பயப்படாதீங்க." விரிப்போடு இறக்கிக் கூடத்தைத் தாண்டி வாசலுக்கே இழுத்துவிட்டாள். சத்தம் கேட்டு வந்த தங்கபாண்டி மற்றவர்களை வெளியேற்றினார். தீயணைப்பு வண்டி வரும்வரை தீ அந்த அறையைத் தாண்டவில்லை.

தங்கபாண்டி அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்பு உசுரக் காப்பாத்திட்டீங்கம்மா. ரோஜா நல்லாத்தான் பழக்கிவிட்டிருக்கா."

இதிலும் பங்குக்கு வந்துவிட்டாளா! சந்திரவல்லிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ரோஜா மூச்சிரைக்க வந்தாள். "உங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா. நெசத் தீய நான் கண்டதே இல்ல. வந்தா ஓடிப்போயிருவேனோன்னு பயம். அதான் திரும்பத் திரும்பப் பண்ணச் சொல்றேன்."

பொறாமையா? இவளுக்கா, தன்மேலா? சந்திரவல்லிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தாள். ரோஜாவுக்குக் கண் கலங்கிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"நானும் பயந்துதான்டி போனேன். கைதான் பயப்படல."