மூன்று கரண்டிச் சாப்பாடு

என் வயிற்றைத்தான் சுருக்கினார்கள். இளைத்தது இரண்டு பேர். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு நாற்பத்தெட்டு வயது, நூற்று முப்பத்தாறு கிலோ. பினாங்கில் அப்படி ஒரு அறுவை சிகிச்சை இருப்பதே பலருக்குத் தெரியாது. பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்தைந்து வருடமாகக் காகிதங்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தவன் நான். டாக்டர் தாளில் இரைப்பையை வரைந்து, மேலே ஒரு சின்னப் பையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை ஸ்டேப்ளர் அடித்து மூடிவிடுவோம் என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சர்க்கரை, பிரஷர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஐம்பதைத் தாண்டுவது கஷ்டம் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் பெரிய விஷயமில்லை. மயக்கம் கொடுத்தார்கள், முழித்தேன், வலித்தது. அதற்குப் பிறகு சாப்பிடுவதுதான் பெரும்பாடு. முதலில் வெறும் பருப்புத் தண்ணீர். பிறகு மசித்தது. அதற்குப் பிறகு ஒரு வேளைக்கு மூன்று மேசைக்கரண்டி, அவ்வளவுதான். ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அவசரப்பட்டு ஒரு பருக்கையை முழுங்கினால் நெஞ்சில் கல் உட்கார்ந்த மாதிரி அடைக்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும், குளியலறைக்கு ஓட வேண்டும். மூன்று கரண்டிக்கு எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. தாடை வலிக்கும். கேட்கும்போது எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வாரம் ஏழு நாள், லீவே கிடையாத ஒரு வேலையாக அது எனக்கு இருந்தது.

வயிறு சீக்கிரமே ஒத்துக்கொண்டுவிட்டது. வாய்தான் அடங்கவில்லை. அலுவலகத்தில் தேநீர் நேரத்துக்கு, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் வரும். "ஒரு கடி கடிங்க அண்ணே, செத்தா போயிருவீங்க?" என்பார்கள். சாகமாட்டேன்தான், ஆனால் அரை மணி நேரம் கழிவறையில் நிற்பது யார்? மத்தியானம் நாசி கண்டார் சோற்றுக்கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த வாசனையைத் தாண்டிப் போகத் தெம்பில்லை.

வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். பெண்கள் இருவரில் மூத்தவள் கோலாலம்பூரில் வேலை பார்த்தாள், இளையவள் சிரம்பானில் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒரே முறைதான். நான் உட்கார்ந்து சாப்பிடுவேன், அவள் நின்று பரிமாறுவாள். நான் எழுந்த பிறகு என் தட்டிலேயே தனக்குப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். எங்கள் அம்மாவும் அப்படித்தான், அவள் அம்மாவும் அப்படித்தான். யாரும் அதைப் பற்றி யோசித்தது கிடையாது.

ஆபரேஷனுக்குப் பிறகு என் பெரிய தட்டில் மூன்று கரண்டிச் சோறு அநாதையாகக் கிடப்பதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அவள் அலமாரியைக் குடைந்து, பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் சோறு ஊட்டிய சில்வர் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அது நிறைந்த மாதிரி தெரிந்தது. நான் மென்றுகொண்டிருக்கும் நாற்பது நிமிடமும் அவள் பக்கத்தில் நின்றாள். அது எனக்கு எரிச்சலாக வரும். "என்ன வேடிக்கை? போய் டிவி பாரு" என்று கத்தியிருக்கிறேன். போகமாட்டாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் எடை பார்த்தேன். எடை குறைந்தது, மாத்திரை குறைந்தது, இரவில் மூச்சு ஒழுங்காக வந்தது. கண்ணாடியில் என் கழுத்தைப் பார்த்தேன். எனக்குக் கழுத்து இருந்ததே மறந்துபோயிருந்தது. இப்படி நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம், என் கால்சட்டைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுக்க இருவரும் பினாங்கு ஸ்ட்ரீட்டில் எங்கள் வழக்கமான தையல்காரரிடம் போனோம். நான் ஐந்து கால்சட்டையை எடுத்து வைத்தேன். அவள் தன் பையிலிருந்து ஆறு ரவிக்கையை எடுத்து வைத்தாள். அவர் அவளுக்கு அளவு எடுத்தார், பழைய நோட்டைப் புரட்டினார், மறுபடியும் டேப்பை வைத்து அளந்தார்.

"என்னா அண்ணே இது, அக்காவுக்கும் சேத்தா ஆபரேஷன் பண்ணிட்டாங்க?" என்றார். "ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இஞ்ச் பிடிக்கணும் லா."

"வயசாவுது இல்ல, இளைக்கத்தானே செய்யும்" என்று அவள் சிரித்தாள்.

நான் அப்போதுதான் அவளைப் பார்த்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. பேருந்தில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம், நடுவில் பையை வைக்கவும் இடம் இருந்தது. முன்பெல்லாம் நான் உட்கார்ந்தால் அவள் பின் சீட்டைத் தேடிப் போவாள். வேறு நாளாக இருந்தால் அதற்காகச் சந்தோஷப்பட்டிருப்பேன். அன்று எனக்குப் பயமாக இருந்தது. புற்றுநோயா, காசநோயா என்று மனம் எங்கெங்கோ ஓடியது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். வழக்கமாக முடித்ததும் படுத்துவிடுவேன். அன்று எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றேன். அவள் என் கிண்ணத்தை எடுத்தாள். அதிலேயே சோறு போட்டாள், கறி ஊற்றினாள், ஸ்டூலில் உட்கார்ந்து நாலு வாயில் முடித்துவிட்டு எழுந்து கை கழுவினாள்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏங்க, இன்னும் படுக்கலயா?"

"அவ்வளவுதானா உன் சாப்பாடு? தினமும் இதேதானா?"

"போதுங்க."

"எப்படிப் போதும்? உன் வயித்துலயும் ஸ்டேப்ளர் அடிச்சிருக்கா?" எனக்குக் கோபம் வந்தால் குரல் கீழ் வீடு வரைக்கும் போகும்.

அவள் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க மூணு கரண்டிய வச்சிக்கிட்டு அந்தப் பாடு படறீங்க. நான் தட்டு நெறையப் போட்டுக்கிட்டு உக்காந்து திங்கவா? வெக்கமா இருக்குங்க. மொதல்ல பசிச்சுச்சு. அப்புறம் பழகிடுச்சு."

நோய் இல்லை. அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. எனக்குக் கத்தி வைத்த டாக்டருக்கு நான் எதைத் தின்னலாம் என்று எழுதிக்கொடுக்கத் தெரிந்திருந்தது. என் சாப்பாடு முடிந்தால்தான் இவள் சாப்பாடு, என் கிண்ணம்தான் இவள் கிண்ணம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம். "சரி, நான் அண்டா அண்டாவாத் தின்ன காலத்துல நீ நல்லாத்தானே சாப்பிட்டே?"

"அப்ப நீங்க சாப்பிட்டு மிஞ்சறது."

"மிஞ்சலன்னா?"

"ரசம் இருக்கும். ரொட்டி கிடக்கும். பிள்ளைங்க தட்டுல ஏதாச்சும் வச்சிருக்கும்."

"இன்னொரு தடவை சோறு ஆக்கறதுதானே?"

"ஒரு ஆளுக்காக யாருங்க மறுபடியும் சோறு ஆக்குவா?" என்றாள். எதற்கு இப்படிக் கேட்கிறேன் என்று அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

நான் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. நான் அதிகம் தின்றபோது அவளுக்கு மிஞ்சவில்லை. நான் குறைத்தபோது அவளுக்கு வெட்கம். எந்த வகையிலும் அவள் அரை வயிறுதான். நூற்று முப்பத்தாறு கிலோவும் என் சொந்தச் சம்பாத்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் அவள் பங்கும் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே, இனிமேல் இருவரும் சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டேன். அதெல்லாம் சரிப்படாது என்றாள். நீ உட்காராவிட்டால் நான் கிண்ணத்தைத் தொடமாட்டேன் என்றேன். ஆபரேஷன் செய்த உடம்பை வைத்து மிரட்டினால் அவள் பணிவாள் என்று தெரியும். அது நல்ல குணமில்லை, ஆனாலும் அப்படித்தான் செய்தேன். மத்தியானம் தனக்கென்று ஒரு தட்டு எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, முகம் ஜன்னல் பக்கம் இருக்கிற மாதிரி உட்கார்ந்தாள். புதுப்பெண் மாதிரிக் கூச்சம்.

மீன் கறி. பழக்கத்தில் தலையை எடுத்து என் பக்கம் வைத்தாள்.

"எனக்கு அடைக்கும் லா. நீ எடுத்துக்க" என்றேன்.

"ஐயோ, அது உங்களுக்கு."

"எடுத்துக்கம்மா."

எடுத்துக்கொண்டாள். முதலில் தயங்கித் தயங்கிப் பிய்த்தாள். பிறகு நான் இருப்பதை மறந்துவிட்டாள். கன்னத்துச் சதையை விரலால் நோண்டி எடுத்தாள், கண்ணை உறிஞ்சினாள், எலும்பை ஒவ்வொன்றாகச் சப்பித் தட்டோரத்தில் அடுக்கினாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். நான் அப்போதுதான் இரண்டாவது கரண்டியை மென்றுகொண்டிருந்தேன். இருபத்து மூன்று வருடத்தில் அவள் சாப்பிடுவதை நான் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சின்னதுல எங்க வீட்டுல மீன் தலைக்கு நான்தான் அடிச்சிக்குவேன்" என்றாள். "எங்க அண்ணனக் கடிச்செல்லாம் வச்சிருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் திங்கறேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

விரலை நக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

"நீங்க கேக்கலயே" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு இன்னும் ஒரு கரண்டி மீதி இருந்தது. முப்பது தடவைக்கு மேலும் மென்றேன். அது இறங்கவில்லை.