நோட்டீஸின் கடைசி வரி

என் அக்காவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுவது அவள்தான், சாப்பாடுகூட நின்றபடிதான். நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்த அன்று தெருவே ஆட்டம் போட்டது. அவள் மட்டும் மை படிந்த கையைக் கழுவக்கூட மறந்து, மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஊரையே சாம்பலாக்கற சாமானுக்குப் போயி இந்தக் குதி குதிக்கறாங்களேடா!"

மறுநாள் பஸ் நிலையத்தில் குண்டுக்கு எதிராக நோட்டீஸ் கொடுப்பதென்று முடிவு செய்தாள். கூட நாலு பேர், அதில் ஒருவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்.

"அஞ்சு பேரு சேர்ந்து குண்டை நிறுத்திடுவீங்களாக்கும்?" என்றேன்.

"நீயும் வந்தா ஆறு."

நான் பயந்தாங்கொள்ளி, இதில் மறைக்க என்ன இருக்கிறது? நோட்டீஸை நாமே அடிக்கலாம், ஆனால் அடியில் அச்சகத்தின் பெயர் வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தாள்.

பிழை திருத்துவது என் வேலை. எந்தத் தாளானாலும் கடைசி வரியில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பார்ப்பேன், இல்லையென்றால் சேர்த்துவிடுவேன். இருபது வருஷப் பழக்கம். அன்றும் கை தன்பாட்டுக்குச் சேர்த்துவிட்டது. பாழாய்ப்போன கை!

அச்சாகி வந்த தாளைப் பார்த்ததும் அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"நீயே போட்டியாடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மாலையில் பத்துப் பதினைந்து பேர் கொடியோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். வந்த வேகத்தில் ஒரு ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. முன்னால் நின்றவன் தன் கல்யாணப் பத்திரிகையை எங்களிடம் அடித்தவன்தான்.

"அண்ணே, உங்களைப் பத்தித் தெரியும். தெரியாம பேரைப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போயிடறோம்."

தெரியாமல்தான் போட்டேன். சத்தியமாக அதுதான் உண்மை. சொன்னால் மெஷின் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். திரும்பிப் பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு, ஜென்மத்தில் முதல் முறையாக, அசையாமல் நின்றாள்.

"தெரிஞ்சேதான் போட்டேன்" என்றேன்.

இரண்டாவது கண்ணாடியும் போயிற்று. நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா துடைப்பத்தை எடுத்துவந்து கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கினாள். "இன்னும் ஐந்நூறு அடிக்கணும்டா" என்றாள்.

புதுத் தாள் என் மேஜைக்கு வந்தது. இந்த முறை கை தன்பாட்டுக்கு எழுதவில்லை. மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு எழுதினேன், முகவரியோடு.