அன்னம்மாள் குரல் கொடுத்தால்

அன்னம்மாளுக்கு மெதுவாகப் பேச வராது. பெங்களூர் அடுகோடியில் நின்றுகொண்டு ஈஜிபுராவில் இருக்கிற ஆளைக் கூப்பிட இவளுக்குப் போன் எதற்கு என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்பும் தெருமுனை வரை கேட்கும்.

குற்றம் அவளுடையதல்ல, பார்த்த வேலை அப்படி. சந்தாபுரா பக்கத்துக் கல்குவாரியில் அவளுக்குக் கூவுகிற வேலை. பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, நெருப்பு வைக்கும் நேரத்தில் பள்ளத்தின் விளிம்பில் நின்று, "திரி வெச்சாச்சே..." என்று ஒரு குரல் விடுவாள். சம்மட்டியும் கூடையும் போட்டது போட்டபடி கிடக்க, சனம் ஓடிப்போய்க் குப்புறப் படுக்கும். வெடித்து, தூசி அடங்கி, "ஆச்சு, வாங்க" என்று அவளே சொல்கிற வரை ஒருவரும் தலை தூக்கக் கூடாது. மேஸ்திரி சொன்னாலும் கூடாது. ஒருநாள் பாழாய்ப்போன இருமல் வந்து அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ள, முதலாளி உட்பட மொத்தக் குவாரியும் குப்புறப் படுத்தபடியே வெயிலில் காய்ந்தது.

பெங்களூரில் பாதி வீட்டுக்கு அஸ்திவாரம் எங்கள் கல்தான் என்பாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள், போகட்டும். பிறகு குவாரியை மூடினார்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிறைந்தது, கரையில் அடுக்குமாடி எழுந்தது. விளம்பரத்தில் அந்தப் பள்ளத்துக்கு 'இயற்கை ஏரி' என்று பெயர். அந்த ஏரியைப் பார்த்த வீட்டில்தான் அவள் மகன் யுவன் வாடகைக்கு இருந்தான். ஐ.டி. வேலை.

அவன் காதலித்த ரக்ஷாவின் வீட்டார் மகாராஜா காலத்திலேயே சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்தவர்கள். அவர்களிடம் யுவன், "அம்மா கன்ஸ்ட்ரக்‌ஷன் லைன்ல இருந்தாங்க" என்று சொல்லிவைத்திருந்தான். ரிசப்ஷன் அன்று காலையில் அம்மாவிடம் வந்தான்.

"யம்மா, நாளைக்கு தாலி கட்டி முடியற வரைக்கும் சத்தம் போடாத. குவாரி பேச்சே வாணாம்."

"நான் ஏன்டா பேசப்போறேன்" என்றாள். பெற்ற பிள்ளையே தன்னை ஒளித்துவைக்கப் பார்க்கிறானே என்று வலித்தது. ஆனாலும் தன் வாயால் கல்யாணம் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று மாலை, திறந்தவெளி மேடைக்கு முன்னால், பெண்ணின் அம்மா அலர்மேல்மங்கை அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் அன்னம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். "இவ்ளோ சாதுவான மாமியார் கிடைக்க எங்க ரக்ஷா குடுத்து வெச்சிருக்கணும்" என்று அலர்மேல்மங்கை உருகிப்போனார். அதற்கும் ஒரு தலையாட்டல்.

மணமக்கள் மேடையேறினார்கள். ஓரத்தில் ஒருவன் குனிந்தான். அவன் கையில் ஊதுபத்தி, முன்னால் ஒரு புஸ்வாணம். திரியில் பொறி பிடித்ததை அன்னம்மாளின் கண் பார்த்தது. அவ்வளவுதான், புத்தியைக் கேட்காமல் வாய் திறந்துகொண்டது.

"திரி வெச்சாச்சே..."

மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு தலையைக் காணோம். பட்டுச்சேலையும் வெள்ளை வேட்டியுமாக வந்திருந்த பழைய குவாரிச் சனம் அத்தனை பேரும் நாற்காலிகளுக்கு அடியில். பெண் வீட்டார் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு விழித்துக்கொண்டு நின்றார்கள். மேடையில் கோட்டும் சூட்டுமாக யுவன் குப்புறக் கிடந்தான். ரக்ஷாவை இழுத்துத் தனக்குக் கீழே போட்டு, அவள் தலையை இரண்டு கையாலும் மூடியிருந்தான். புஸ்வாணம் பூப்பூவாகச் சிந்திவிட்டு அணைந்தது.

அன்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் போச்சு.

"ஏன் ஒருத்தரும் எழுந்துக்க மாட்டேங்கறா?" என்றார் அலர்மேல்மங்கை.

மேடையில் யுவன் தலையை மட்டும் திருப்பினான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அத்தே, எங்கம்மா குவாரில கூவுறவங்க. நான் அங்க வளந்தவன். அவங்க சொல்லாம நாங்க யாரும் எழுந்திரிக்க மாட்டோம்."

பிறகு அம்மாவைப் பார்த்தான். "சொல்லும்மா. சத்தமா சொல்லு."

அவனுக்குக் கீழேயிருந்து ரக்ஷா, "சீக்கிரம் அத்தே, மூச்சு முட்டுது" என்றாள்.

அன்னம்மாள் எழுந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். தொண்டை அடைத்துக்கொண்டது, கண் நிறைந்து வழிந்தது. "ஆச்சு, வாங்க" என்று அவள் சொன்னது பக்கத்தில் இருந்த அலர்மேல்மங்கைக்கே சரியாகக் கேட்கவில்லை. நாற்காலிகளுக்கு அடியில் ஒருவரும் அசையவில்லை.